அப்பா சாப்பாட்டில் எண்ணெயை நிறுத்தினால் லுக்கீமியா பட்டினி கிடக்குமா?

திருத்துறைப்பூண்டி பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 64 வயது, விவசாயி. ஏ.எம்.எல். என்கிற லுக்கீமியா, அதாவது ரத்தப் புற்றுநோய். அசாசிட்டிடின் ஊசியும் வெனிடோக்ளாக்ஸ் மாத்திரையும் போய்க்கொண்டிருக்கின்றன, இது இரண்டாவது சுற்று. 'புற்றுச் செல் கொழுப்பைத் தின்றுதான் வளருது, மருந்துக்கும் அதனாலதான் தப்பிக்குது' என்று ஒரு காணொளியில் பார்த்த அத்தை, தன் அண்ணனான அப்பாவின் சாப்பாட்டில் எண்ணெய், நெய், தேங்காய், மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். வார்டில் பக்கத்துப் படுக்கைப் பையனுக்கும் எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருந்தார்களாம். அதனால் அத்தை பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு இல்லை. மூன்று வாரத்தில் அப்பா 4 கிலோ இறங்கிவிட்டார். கொழுப்பு விஷயம் உண்மையா, இப்படிப் பத்தியம் வைப்பது சரியா என்பது கேள்வி.

கொழுப்பு விஷயம் உண்மை. பத்தியம் தவறு. இன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே எண்ணெய் ஊற்றச் சொல்லிவிட்டு மீதியை நிதானமாகப் படியுங்கள். நான் மருத்துவன் அல்ல. கல்லூரியில் ரொம்ப வருஷம் உயிர்வேதியியல் நடத்திவிட்டு இப்போது திருவையாற்றில் சும்மா இருப்பவன். மருந்தளவு, ரத்த அணுக்களின் எண்ணிக்கை எல்லாம் உங்கள் மருத்துவர் பார்க்க வேண்டியவை. ஒரு செல் எதைத் தின்கிறது, அதை எங்கிருந்து எடுக்கிறது என்பது நான் நடத்திய பாடம். அதை மட்டும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்லி எலும்பைத் தட்டில் தட்டி உறிஞ்சியிருப்பீர்கள். உள்ளே இருந்து வழவழவென்று வருவதுதான் மஜ்ஜை. அது ஏன் நெய் மாதிரி வாயில் கரைகிறது? அதில் அவ்வளவு கொழுப்பு. மனிதனுக்கும் அப்படித்தான். குழந்தையின் மஜ்ஜை சிவப்பு. முழுக்க ரத்தம் தயாரிக்கும் செல்கள். வயது ஏற ஏறக் கொழுப்புச் செல்கள் வந்து இடம் பிடிக்கின்றன. பெரியவர்களின் மஜ்ஜையில் பாதி இடம், பல பேருக்கு அதற்கும் மேலே, கொழுப்புதான். ஆக ரத்தம் உற்பத்தியாகும் பட்டறையும் கொழுப்புக் கிடங்கும் ஒரே கூரைக்குக் கீழே, இடையில் சுவர்கூட இல்லாமல் இருக்கின்றன. ஏ.எம்.எல். பிறப்பது இந்த இடத்தில்தான். முதிராத வெள்ளணுக்களை 'பிளாஸ்ட்' என்பார்கள். நல்ல மஜ்ஜையில் அவை நூற்றுக்கு ஐந்துக்குள் இருக்கும். பொதுவாக இருபதைத் தொட்டால் ஏ.எம்.எல். என்று கணக்கு.

இந்த பிளாஸ்ட் பக்கத்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. இங்கிலாந்தில் நார்விச் நகர ஆய்வுக் குழு ஒன்று 2017-இல் காட்டியது இது: பிளாஸ்ட்டுகள் பக்கத்துக் கொழுப்புச் செல்லைத் தூண்டி, அது சேர்த்து வைத்திருக்கும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை உடைக்க வைக்கின்றன. உடைந்து வரும் கொழுப்பு அமிலத்தைச் சுமந்து கொடுக்க எஃப்.ஏ.பி.பி.4 என்று ஒரு புரதம். எலிகளில் அந்தப் புரதத்தைக் குறைத்தபோது நோய் கொண்ட எலிகள் கூடுதல் நாள் பிழைத்தன. பத்தாயம் வைத்திருப்பவரையே அதைத் திறந்து அளந்து போட வைப்பது மாதிரி. திருடுகிறது என்றுகூடச் சொல்ல முடியாது, ஆளையே வேலைக்கு வைத்துக்கொள்கிறது.

உள்ளே வந்த கொழுப்பு அமிலம் நேரே எரியாது. செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அது நுழைய ஒரு வாசல் உண்டு. அங்கே நிற்கிற நொதியின் பெயர் சிபிடி1. அது கொழுப்பு அமிலத்தைக் கார்னிட்டைன் என்ற சிறு மூலக்கூறோடு கோத்து அனுப்பும். உள்ளே போனதும் சங்கிலி இரண்டிரண்டு கார்பனாக நறுக்கப்படுகிறது. இப்படித்தான் நறுக்கப்படும் என்று ஜெர்மானியர் ஃபிரான்ஸ் க்னூப் 1904-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஒரு குளுக்கோஸ் முழுக்க எரிந்தால் ஏறக்குறைய 30 முதல் 32 ஏ.டி.பி. (செல் சக்தியைச் செலவழிக்கும் காசு) கிடைக்கும். பதினாறு கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம் ஒன்று எரிந்தால் 106. புற்றுநோய் என்றாலே சர்க்கரை என்று ஊரெல்லாம் பேசுவதற்குக் காரணம், புற்றுச் செல் சர்க்கரையை அள்ளித் தின்கிறது என்று ஓட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி 1920-களில் காட்டிய வேலை. தவறான வேலை இல்லை, ஆனால் கதை அதோடு முடியவில்லை. (அத்தை சர்க்கரையையும் நிறுத்தியிருப்பார் என்று ஊகிக்கிறேன்.)

சக்தி மட்டும் என்றால் இந்த விஷயம் இவ்வளவு பேசப்பட்டிருக்காது. கீமோ மருந்துகள் பல, செல்லுக்குள் ஆக்சிஜன் சார்ந்த நச்சுப் பொருள்களைக் கிளப்பிவிட்டும் கொல்கின்றன. கொழுப்பு எரியும் வழியில் கிடைக்கும் பொருள்களை வைத்துச் செல் அந்த நச்சை அணைக்கும் சரக்கைத் தயாரித்துக்கொள்கிறது. இன்னொரு பக்கம், செல்லைத் தற்கொலைக்குத் தள்ளும் புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் ஓட்டை போட வேண்டும். கொழுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது அந்த ஓட்டை விழுவது கடினமாகிறது. ஹூஸ்டனில் 2010-இல் இதைச் சோதித்தார்கள். சிபிடி1 வாசலை எட்டோமாக்சிர் என்ற மருந்தால் அடைத்தார்கள். லுக்கீமியா செல்கள் மற்ற மருந்துகளுக்கு எளிதாக மடிந்தன, எலிகளிலும் பலன் தெரிந்தது.

உங்கள் அப்பாவின் மருந்து விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தக் காணொளி பாதி சொல்லி விட்ட இடம் இது என்று நினைக்கிறேன்.

வரப்பில் கோரை பிடுங்கியவருக்குத் தெரியும். மேலே இருக்கும் புல் கையோடு வந்துவிடும், கிழங்கு மண்ணில் தங்கிவிடும். பத்து நாளில் திரும்பத் தலை காட்டும். லுக்கீமியாவிலும் அப்படி ஒரு கிழங்கு உண்டு. லுக்கீமியாவின் தண்டுச் செல்கள் என்பார்கள். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் நோய் திரும்ப வருவது பெரும்பாலும் அவற்றிலிருந்துதான். கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஒரு குழு இந்தச் செல்கள் எதைத் தின்கின்றன என்று வருஷக்கணக்காகத் துருவியது. 2018-இல் அவர்கள் சொன்னது: புதிதாக நோய் கண்டவர்களின் தண்டுச் செல்கள் புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்களையே பெரிதும் நம்பி இருக்கின்றன. வெனிடோக்ளாக்ஸும் அசாசிட்டிடினும் சேரும்போது அந்த வரத்து அடைபடுகிறது, செல் மடிகிறது. ஆனால் நோய் ஒருமுறை போய்த் திரும்பி வந்தவர்களின் தண்டுச் செல்களை எடுத்துப் பார்த்தால், அமினோ அமிலத்தை அடைத்தாலும் அவை அசையவில்லை. கொழுப்பை எரித்து ஈடுகட்டிக்கொண்டன. 2020-இல் அதே குழு இதையே வெனிடோக்ளாக்ஸுக்கு எதிர்ப்பு வரும் ஒரு முக்கியமான வழியாக இன்னும் தெளிவாகக் காட்டியது.

உங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் சட்டென்று விளங்கும். உங்களுடையது கடைமடை. நிலத்தடி நீர் உப்பு, போர் போட்டாலும் பயிருக்கு ஆகாது. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்து, அது வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி உங்களுக்கு வந்து சேர்ந்தால்தான் உண்டு. வராவிட்டால் வயல் காய்ந்தது. பாபநாசம், கும்பகோணம் பக்கம் போர்செட் வைத்திருப்பவர் மேட்டூரைப் பார்த்துக்கொண்டா இருக்கிறார்? குறுவைக்கு அவர் பாட்டுக்கு நாற்று விட்டுவிடுவார். புதிதாக நோய் கண்டவரின் தண்டுச் செல் கடைமடை விவசாயி; வாய்க்காலை அடைத்தால் போதும். திரும்பி வந்த நோயின் தண்டுச் செல்லிடம் போர்செட் இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் கொழுப்பு.

இரண்டாவது சுற்றுதான் போகிறது என்பதால், உங்கள் அப்பா புதிதாக நோய் கண்டவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். இந்த இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்த பெரிய சோதனையின் முடிவு 2020-இல் வந்தது. கடுமையான கீமோவைத் தாங்க முடியாதவர்களிடம் நடத்தியது. அதில் நோய் அடங்கியவர்கள் 66.4 விழுக்காடு. அசாசிட்டிடின் மட்டும் பெற்றவர்களில் 28.3. ஆகவே இப்போதைக்கு உங்களுடைய வேலை, அந்த மருந்து முழுதாக வேலை செய்ய வழிவிடுவது.

எண்ணெயை நிறுத்தினால் அந்தப் போர்செட்டும் வற்றிவிடாதா என்று அத்தை கேட்பார். நியாயமான கேள்விதான். வற்றாது. ஏன் என்று பாருங்கள்.

செல் எடுத்துக்கொள்ளும் கொழுப்பு அமிலத்தில் பெரும்பங்கு உடம்பின் சொந்தக் கிடங்கிலிருந்து வருகிறது: மஜ்ஜையின் கொழுப்பு, தோலுக்கடியில், வயிற்றில் உள்ள கொழுப்பு. ஓர் ஆளிடம் 10 கிலோ கொழுப்பு இருந்தால் அது ஏறக்குறைய 90,000 கலோரி. நீங்கள் சாப்பாட்டில் நிறுத்திய நாலு டீஸ்பூன் நல்லெண்ணெய் 160 கலோரி. ஏரியை இறைக்க உழக்கை எடுத்துக்கொண்டு போனது மாதிரி. அதைவிட முக்கியம், அந்தக் கிடங்கின் கதவு எப்போது திறக்கும் என்பது. சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் கதவைச் சாத்தி வைக்கும். பட்டினி கிடந்தால் இன்சுலின் இறங்கும், கதவு திறக்கும், கொழுப்பு அமிலம் ரத்தத்தில் ஏறும். அதாவது அப்பா அரைவயிறாகக் கிடந்தால் எந்தப் பொருள் செல்லுக்குக் கிடைக்கக் கூடாது என்று நினைத்தீர்களோ அதுவே ரத்தத்தில் கூடுதலாக ஓடும்.

இன்னும் வினோதமான ஒன்று. பசியின்மை நோயில் உணவையே வெறுத்து எலும்பும் தோலுமாகப் போன இளம் பெண்களைச் சோதித்தபோது, உடம்பின் மற்ற கொழுப்பெல்லாம் கரைந்திருக்க, மஜ்ஜையில் மட்டும் கொழுப்பு கூடியிருந்தது. வகுப்பில் இதை முதல்முறை சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. எனக்கே படித்த அன்று நம்பிக்கை வரவில்லை. பட்டினி போட்டால் மஜ்ஜைக் கிடங்கு காலியாகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அப்புறம் மாத்திரை. வெனிடோக்ளாக்ஸைச் சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். காரணம் இதே கொழுப்புதான். அந்த மாத்திரை தண்ணீரில் கரையாத சரக்கு. வெறும் வயிற்றில் போட்டால் எவ்வளவு உடம்பில் சேருமோ, கொழுப்பு குறைந்த சாப்பாட்டோடு போட்டால் அதைப்போல சுமார் 3.4 மடங்கு சேரும். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு 5 மடங்குக்குக் கொஞ்சம் மேலே. இதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு மாத்திரையும் பிரியாணியுமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. தினமும் ஏறக்குறைய ஒரே மாதிரியான, எண்ணெய் சேர்ந்த சாதாரணச் சாப்பாடு, அதன் பிறகு மாத்திரை. வெறும் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு இத்தனை நாள் விழுங்கியிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயப்பட வேண்டாம், அவர்களுக்கு அது தெரிய வேண்டிய செய்தி.

பக்கத்துப் படுக்கைப் பையன் விஷயம் வேறு. அவனுக்கு இருப்பது பெரும்பாலும் ஏ.எல்.எல்., குழந்தைகளிடம் அதிகம் வரும் லுக்கீமியா. அதற்கு அஸ்பராஜினேஸ் என்ற ஊசி போடுவார்கள், கூடவே ஸ்டீராய்டு. இரண்டும் சேர்ந்தால் சில பிள்ளைகளுக்கு டிரைகிளிசரைடு தாறுமாறாக ஏறும். ரத்தத்தைக் குழாயில் நிறுத்தி வைத்தால் மேலே நிற்கும் நீர் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அந்த ஊசியால் கணையம் வீங்கும் ஆபத்தும் உண்டு. அதனால் அந்தப் பையனுக்கு எண்ணெயைக் குறைக்கச் சொன்னது மருத்துவர் கணக்குப் பார்த்துச் சொன்னது. அவனுடைய மருந்துக்கு அவனுடைய பத்தியம், அவ்வளவுதான்.

ஏ.எல்.எல்.-இல் கொழுப்பைப் பற்றி வேறு நல்ல ஆராய்ச்சியும் இருக்கிறது. பருமனான பிள்ளைகளுக்குப் பலன் கொஞ்சம் குறைவாக இருப்பது ஏன் என்று அமெரிக்காவில் தேடினார்கள். கொழுப்புச் செல்கள் டானோருபிசின் என்ற கீமோ மருந்தை உறிஞ்சிச் சிதைத்துவிடுகின்றன, பக்கத்தில் ஒளிந்த லுக்கீமியா செல்லுக்கு மருந்து போய்ச் சேருவதில்லை என்று தெரிந்தது. அப்புறம் 10 முதல் 21 வயது வரையுள்ள 40 பேருக்கு, உணவு ஆலோசகரின் கண்காணிப்பில் கலோரியைக் குறைத்து, உடற்பயிற்சியும் சேர்த்து கீமோவின் முதல் மாதத்தை நடத்தினார்கள். சிகிச்சைக்குப் பின் மிஞ்சும் நோய்ச் செல்களின் அளவு, முன்பு அதே சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. 2021-இல் வெளியானது. நம்பிக்கை தரும் செய்தி, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் இளம் வயது, வேறு நோய், வேறு மருந்து. 64 வயதில் வயலில் இறங்கி உழைத்து ஒட்டிய உடம்புக்காரரின் தட்டில் கை வைக்க அது அனுமதிச் சீட்டு ஆகாது.

சரி, செல்லின் கொழுப்பு வழியை மருந்தால் அடைக்க முடியாதா? முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள், எளிதாக இல்லை. எட்டோமாக்சிர் சொன்னேனே, அதை முன்பு இதயச் செயலிழப்புக்குச் சோதித்தபோது சிலருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறிப்போய், சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். தவிர, ஓயாமல் துடிக்கும் இதயம் தன் சக்தியில் பாதிக்கு மேல் கொழுப்பு அமிலத்திலிருந்துதான் எடுக்கிறது. வாசலை உடம்பு முழுக்க அடைத்தால் அடி இதயத்துக்கும் விழும். பட்டர் ஃப்ரூட்டில் இருந்து எடுத்த அவகாட்டின் பி என்ற பொருள் ஏ.எம்.எல். தண்டுச் செல்லின் கொழுப்பு எரிப்பைக் கெடுத்துக் கொல்கிறது என்று கனடாவில் 2015-இல் காட்டினார்கள். உடனே 'பழம் தின்றால் ரத்தப் புற்று போகும்' என்று செய்தி பரவியது. ஆய்வகத்தில் பிரித்தெடுத்துச் செல்மேல் ஊற்றிய பொருளும், நாம் ஜூஸ் போட்டுக் குடிக்கும் பழமும் ஒன்றாகாது. பழம் நல்ல பழம், விலைதான் அதிகம்.

எனக்குப் பிடித்தது வேறு ஒரு வழி. வீட்டில் எண்ணெய் பழசானால் காறல் வாடை அடிக்கும் அல்லவா? ஆக்சிஜன் சேர்ந்து கொழுப்பு கெட்டுப்போவது அது. செல்லின் சுவரும் கொழுப்பால் ஆனதுதான். சிலவகைக் கொழுப்பு எளிதில் காறும், சிலவகை தாக்குப்பிடிக்கும். உள்ளே இருக்கும் இரும்பின் துணையோடு செல்சுவர் காறிப்போய்ச் செல் சாவதற்கு ஃபெராப்டோசிஸ் என்று 2012-இல் பெயர் வைத்தார்கள். எஃப்.எல்.டி.3 என்ற மரபணுவில் கோளாறு உள்ள ஏ.எம்.எல். செல், காறாத வகைக் கொழுப்பைத் தானே தயாரித்துச் சுவரில் பூசிக்கொள்கிறது. அந்தக் கோளாறுக்கான மாத்திரைகள் அந்தத் தயாரிப்பைக் குறைக்கின்றன. அப்போது செல்லைக் காற வைத்துக் கொல்வது எளிதாகிறது என்று 2023-இல் ஒரு ஆய்வு காட்டியது. எதிரியின் பட்டினிக்காகக் காத்திருக்காமல் அவன் சேர்த்து வைத்ததையே கெடுத்துவிடுவது. இதெல்லாம் இன்னும் ஆய்வகத்தை விட்டு முழுதாக வெளியே வரவில்லை, உங்கள் அப்பாவின் சீட்டில் எழுதப் போவதும் இல்லை. கேள்வியில் 'மருந்துக்குத் தப்பிக்குது' என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொன்னேன்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய், எது பழக்கமோ அது. மீன் குழம்பு வைக்கலாம், அன்றன்று நன்றாக வேகவைத்துச் சூடாகக் கொடுங்கள். வெள்ளணு இறங்கியிருக்கும் நாள்களில் பச்சையாக எதுவும் வேண்டாம், முந்தின நாள் குழம்பும் வேண்டாம். கார்னிட்டைன் மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, சத்து மாவு டப்பா என்று யார் கொண்டுவந்து கொடுத்தாலும் மருத்துவரிடம் காட்டாமல் பிரிக்காதீர்கள். கார்னிட்டைன் என்ன வேலை செய்யும் என்று மேலேயே பார்த்தோம். வெனிடோக்ளாக்ஸ் சாப்பிடுகிறவர்களுக்கு கிரேப்ஃப்ரூட், செவில் ஆரஞ்சு, நட்சத்திரப்பழம் மூன்றும் ஆகாது. உடம்பு மருந்தைக் கழிப்பதை அவை தடுத்து, ரத்தத்தில் மருந்து அளவுக்கு மேல் ஏறிவிடும். நம் பம்பளிமாஸ் கிரேப்ஃப்ரூட்டின் தாய்மரம், அதனால் கொல்லையில் காய்த்திருந்தாலும் வேண்டாம். நார்த்தங்காய் ஊறுகாயை அப்பா விரும்பிச் சாப்பிடுபவர் என்றால் அடுத்த முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை ஒரே தராசில், காலையில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இறங்கின 4 கிலோவையும் எப்படி இறங்கியது என்பதையும் அடுத்த ஊசிக்குப் போகும்போது முதலில் சொல்லுங்கள். அத்தையிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அண்ணன் மேல் உள்ள பாசத்தில் செய்ததுதானே. மீன் குழம்பை அவரையே வைக்கச் சொல்லுங்கள்.